கைப்பிள்ளைக்கு ஓர் இடம்

நுழையும்முன்

பேருந்து, தொடர்வண்டி, வானூர்தி எனப் பலரும் ஒன்றாகப் பயணம் செய்யும் இடங்களில் குழந்தைகள் அழுவதும் ஓடுவதும் ஓயாமல் கேள்வி கேட்பதும் இயல்பு. அவ்வியல்பை எங்கே பொறுப்பது, எங்கே திருத்துவது, திருத்தும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களைக் கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் பயணங்களை முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

பேருந்து என்னும் பொதுவிடம்

மேற்கே கேரள எல்லையாக நிற்கும் மலைத்தொடருக்கும் கிழக்கே மேகமலைக்கும் இடையில், முல்லைப்பெரியாற்று நீரால் செழிக்கும் நிலம் கம்பம் பள்ளத்தாக்கு. நெல்லும் திராட்சையும் வாழையும் தென்னையும் மாறி மாறித் தெரியும் அச்சாலையில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தேனிவரை நீள்கின்றன. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் திருமணத்திற்கும் இப்பகுதி மக்கள் பெரிதும் நம்புவது பேருந்தையே. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவின்போதும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலைப் பயணிகள் குமுளி வழியாகச் செல்லும்போதும் அப்பேருந்துகளில் காற்று நுழையவும் இடமிராது.

அத்தகைய நெரிசலிலும் ஒரு வழக்கம் தவறுவதில்லை. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் படியேறினால், "கைப்பிள்ளைக்காரிக்கு எடம் விடுங்கப்பா" என்று நடத்துநர் குரல் கொடுப்பார். எழுந்து இடம் கொடுக்க மனமில்லாதவர்கூட, "பிள்ளைய இப்பிடிக் குடு தாயி" என்று கையை நீட்டுவார். பெயர் தெரியாத ஒருவர் மடியில் உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே ஓடும் தென்னைகளைப் பார்த்துக்கொண்டே அக்குழந்தை சின்னமனூர் வந்து சேரும். இறங்கும்போது தாய் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். நன்றி என்னும் சொல் இருவருக்கும் இடையில் பேசப்படுவதில்லை. அதற்குத் தேவையிருப்பதாக எவரும் கருதுவதுமில்லை.

இக்காட்சியை அளவுக்கு மீறிப் போற்றவும் வேண்டியதில்லை. அதே பேருந்தில், நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்போர் உண்டு. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, கையில் குழந்தையோடு நிற்பவளைப் பாராதிருப்போரும் உண்டு. ஆயினும் ஒன்று உறுதி. குழந்தை அழுகிறது என்பதற்காகத் தாயை முறைத்துப் பார்க்கும் வழக்கம் அப்பேருந்தில் இல்லை. பசியா, வயிற்று வலியா, எறும்பு கடித்ததா என்று நான்கு பேர் நான்கு காரணம் சொல்வர். ஐந்தாமவர் தம் பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டுவார். அறிவுரைகளின் மிகுதி அத்தாய்க்குச் சலிப்பைத் தரலாம். தனித்து விடப்பட்டோம் என்னும் எண்ணத்தை அது தருவதில்லை.

அரசும் இப்பயணத்தில் குழந்தைகளின் இடத்தை ஏற்றுக்கொண்டுள்ளது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் மூன்று வயதுவரை இருந்த கட்டணமில்லாப் பயணம் ஐந்து வயதுவரை நீட்டிக்கப்படுவதாக 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. தொடர்வண்டியிலும் தனி இருக்கை கேளாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை.

பயணத்தைக் குழந்தை எங்கே கற்கிறது?

மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூர் சென்ற மீட்டர்பாதைத் தொடர்வண்டி, அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து அகலப்பாதை வண்டி தேனிக்கு வந்தது 2022 மே மாதத்தில். போடிநாயக்கனூரை எட்டியது 2023 சூன் மாதத்தில். இடைப்பட்ட காலத்தில் பிறந்த ஒரு குழந்தை, தன் ஊரில் தொடர்வண்டியையே பாராமல் உயர்நிலைப்பள்ளி வகுப்பை எட்டிவிட்டது.

வண்டி மீண்டும் வந்தபோது, அதில் ஏறிய பிள்ளைகளுக்குப் பெட்டியின் வழக்கங்கள் எவையும் தெரிந்திருக்க வழியில்லை. வாசற்படியில் நிற்கலாகாது என்பதும், மேல் படுக்கையில் இருப்பவர் உறங்கும் நேரத்தில் விளக்கைப் போடலாகாது என்பதும், சங்கிலி விளையாட்டுப் பொருளன்று என்பதும் எவரும் பிறக்கும்போதே அறிந்து வருவனவல்ல. அவற்றை ஒருமுறை சொல்லி, இருமுறை சொல்லி, மூன்றாம் பயணத்தில் அவர்களே தம் தம்பி தங்கையருக்குச் சொல்லும்படி செய்ய வேண்டும். நீச்சலைக் கரையில் நின்று கற்க இயலாது. பயண ஒழுக்கமும் அத்தகையதே. பயணத்திலன்றி அதற்கு வேறு பள்ளி இல்லை.

வானூர்திக்கும் இது பொருந்தும். தேனி மாவட்டத்தில் வானூர்தி நிலையம் இல்லை. மதுரைக்குத்தான் செல்ல வேண்டும். கம்பத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் மேல். நிலையமோ நகரைக் கடந்து தெற்கே இருக்கிறது. காலையில் புறப்படும் வானூர்திக்கு நள்ளிரவு கழிந்ததுமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். உறங்கும் குழந்தையைப் போர்வையோடு தூக்கி வாடகை வண்டியில் கிடத்துவர். உசிலம்பட்டி தாண்டும்போது அது விழித்துக்கொள்ளும். பின்னர் நிலைய வாசலில் அடையாளச் சோதனை, பெட்டி எடைபோடும் வரிசை, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, மறுபடியும் ஒரு வரிசை. வானூர்தியின் கதவு மூடப்படும்போது அக்குழந்தை ஐந்து மணி நேரமாக ஓரிடத்தில் நில்லாமல் இடம்பெயர்ந்து கொண்டிருக்கிறது. உடன் அமர்ந்திருப்பவர் கேட்பது அதன் முதல் அழுகையை. அந்த ஐந்து மணி நேரத்தை அவர் பார்க்கவில்லை.

செவி அடைக்கும் உயரம்

குமுளியிலிருந்து லோயர்கேம்ப் நோக்கிப் பேருந்து இறங்கும்போது, வளைவுகளுக்கு நடுவே காது அடைத்துக்கொள்வதை இப்பள்ளத்தாக்கு மக்கள் யாவரும் அறிவர். சில கிலோமீட்டர் தொலைவுக்குள் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரத்தைப் பேருந்து இறங்கிவிடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது. நடுச்செவிக்குள் இருக்கும் காற்றின் அழுத்தமோ மேலே இருந்த நிலையிலேயே நிற்கிறது. இரண்டையும் சமன்செய்வது நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் ஒரு சிறு குழல். எச்சிலை விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ அது திறந்துகொள்ளும். 'பொட்' என்ற ஒலியோடு காது தெளியும். போடிமெட்டுக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குச் சென்றுவரும் பெண்கள் இதற்காக எவரிடமும் பாடம் கேட்டதில்லை.

வானூர்தியில் நிகழ்வதும் இதுவே, ஆனால் அளவு பெரிது. உயரப் பறக்கும் பெரிய வானூர்திகளின் உள்ளே காற்றழுத்தம் தரைமட்ட அளவில் வைக்கப்படுவதில்லை. கடல்மட்டத்திலிருந்து 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கக்கூடிய அழுத்தமே அங்கு நிலவுகிறது. எளிதாகச் சொன்னால், அதனுள் அமர்ந்திருப்பவர் கொடைக்கானலில் அமர்ந்திருப்பவரைப் போன்றவர். அங்கிருந்து அரைமணி நேரத்தில் அவர் சென்னைக் கடற்கரையின் மட்டத்திற்குக் கொண்டுவரப்படுகிறார். பெரியவர் எச்சிலை விழுங்கிச் சரிசெய்துகொள்வார். கைக்குழந்தைக்கு அக்குழல் சிறியது. விழுங்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. வலி மட்டும் தெரியும். வலிக்கும்போது அது அழுகிறது. அழும்போது வாய் திறந்து தொண்டைத் தசைகள் அசைவதால் சிறிது ஆறுதலும் கிடைக்கக்கூடும்.

ஆதலால் வானூர்தி இறங்கும் நேரத்தில் கைக்குழந்தை அழுவதை நடத்தைக் குறைவு என்று சொல்வது, தும்முகிறவரை ஒழுக்கமற்றவர் என்று சொல்வதற்கு ஒப்பானது. தாய் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வானூர்தி மேலேறும்போது இல்லாவிட்டாலும், இறங்கத் தொடங்கும்போது குழந்தை விழித்திருந்து பாலோ நீரோ அருந்திக்கொண்டிருப்பது நல்லது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் குழல் திறக்கிறது. சற்று வளர்ந்த பிள்ளைக்கு ஒரு மிட்டாயைச் சப்பக் கொடுத்தால் போதும். சளி பிடித்திருந்தால் குழல் எளிதில் திறக்காது. மருத்துவரைக் கேட்டுப் பயணத்தைத் தள்ளிவைப்பதும் அறிவுடைமையே. மலைப்பாதையில் வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு செல்லும் ஊரார்க்கு இத்தகைய முன்னேற்பாடு புதிதன்று.

பொறுக்க வேண்டியதும் திருத்த வேண்டியதும்

கைக்குழந்தையின் அழுகைக்குச் சொன்னதை ஏழு வயதுச் சிறுவனின் சேட்டைக்கும் சொல்லிவிட முடியாது. இங்கேதான் பலர் குழம்புகின்றனர். முன்னிருக்கையின் முதுகைக் காலால் உதைத்துக்கொண்டே வருவது, உணவு வைக்கும் பலகையைப் படாரென்று திறந்து மூடுவது, திறன்பேசியில் காணொலியை ஊரெல்லாம் கேட்க ஓடவிடுவது ஆகியவை வலியினால் விளைவன அல்ல. 'சின்னப் பிள்ளைதானே' என்று பெற்றோர் புன்னகைத்துவிட்டுப் போவது பிள்ளைக்குச் செய்யும் நன்மையும் அன்று. முன்னால் இருப்பவருக்கும் முதுகு உண்டு என்பதைப் பிள்ளை அறிய வேண்டும். அதை அறிவித்தற்குரியவர் பெற்றோர். அவர் செய்யத் தவறினால், பக்கத்தில் இருப்பவர் பிள்ளையிடமே, "தம்பி, உன் கால் பட்டு எனக்கு வலிக்குதுப்பா" என்று சொல்லிப் பார்க்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் அச்சொல்லுக்கு உடனே காலை இழுத்துக்கொள்கின்றனர். பெற்றோரை நோக்கி, "பிள்ளை வளர்க்கத் தெரியாதா?" என்று தொடங்கும் பேச்சினால் கால் நிற்பதில்லை, சண்டைதான் தொடங்குகிறது.

திறன்பேசியைப் பற்றிச் சொல்லும்போது பெரியவர்களை விட்டுவிட முடியாது. காதொலிப்பான் இல்லாமல் நகைச்சுவைக் காட்சிகளையும் குரல்வழிச் செய்திகளையும் முழு ஒலியில் கேட்போர் பேருந்திலும் தொடர்வண்டியிலும் பெரும்பாலும் முப்பது வயதைக் கடந்தவர்களே. தந்தை அவ்வாறு செய்யும் வீட்டில் மகனுக்கு வேறு பாடம் நடத்துவது வீண்முயற்சி.

வானூர்திக்கே உரிய கட்டுப்பாடு ஒன்று உண்டு. இருக்கைப்பட்டையை அணிந்திருக்குமாறு அறிவிப்பு வந்தபின் குழந்தையை நடைவழியில் ஓடவிடலாகாது. இது பிறருக்குத் தொல்லை என்பதனால் அன்று, குழந்தையின் உயிருக்காகவே. 2024 மே 21 அன்று இலண்டனிலிருந்து சிங்கப்பூர் நோக்கிச் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வானூர்தி மியான்மர் வான்வெளியில் கடும் காற்றுக்குலுக்கலில் சிக்கியது. 4.6 நொடிகளில் அது 178 அடி கீழிறங்கியது. இருக்கைப்பட்டை அணியாதிருந்தோர் மேலே தூக்கி எறியப்பட்டு விழுந்தனர். பயணி ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கி 'ஐந்து' என்று முடிப்பதற்குள் நிகழ்ந்தது அது. அந்நேரத்தில் எழுந்து ஓடிப் பிள்ளையைப் பிடிக்க எந்தத் தாயாலும் இயலாது.

இதைப் பிள்ளையிடம் காரணத்தோடு சொல்ல வேண்டும். "மாமா திட்டுவார்" என்று பணியாளரைக் காட்டி அச்சுறுத்துவது பலரும் கையாளும் எளிய வழி, தவறான வழி. இடர் நேரும்போது அக்குழந்தை நம்பி ஓட வேண்டியவரையே அதன் மனத்தில் பகைவராக்கிவிடுகிறது அச்சொல்.

விலைக்கு வரும் அமைதி

பேருந்தில் எழாத சினம் வானூர்தியில் எழுவதேன்? பேருந்தில் பொறியின் இரைச்சல், ஒலிப்பான், திரைப்பாட்டு, பேச்சு எல்லாம் கலந்து கிடக்கின்றன. குழந்தையின் அழுகை அவற்றுள் ஒன்றாகக் கரைந்துவிடுகிறது. வானூர்தியில் அது தனித்து ஒலிக்கிறது. பேருந்தில் அடுத்த நிறுத்தம் உண்டு. அங்கே இறங்கிக்கொள்ளும் வாய்ப்பே பாதி ஆறுதல். மேலும், சில நூறு ரூபாய்க்குள் முடியும் பயணத்திற்கும் பல ஆயிரம் ரூபாய்ப் பயணத்திற்கும் எதிர்பார்ப்பு வேறுபடுகிறது. இவ்வளவு பணம் கொடுத்தவர் இருக்கையோடு அமைதியையும் வாங்கிவிட்டதாக எண்ணுகிறார்.

அவ்வெண்ணத்தைச் சில நிறுவனங்கள் வணிகமாக்கியுள்ளன. ஏர் ஏசியா எக்ஸ், ஸ்கூட் ஆகிய நிறுவனங்கள் 2013ஆம் ஆண்டில் 12 வயதுக்குட்பட்டோர் அமர முடியாத அமைதிப் பகுதிகளை அறிமுகம் செய்தன. இந்தியாவில் இண்டிகோ நிறுவனம் 2016ஆம் ஆண்டில் 1 முதல் 4 வரையிலும் 11 முதல் 14 வரையிலும் உள்ள வரிசைகளை அவ்வாறே ஒதுக்கியது. நெதர்லாந்திலிருந்து கரிபியத் தீவான குராசோவுக்குச் செல்லும் வானூர்தியில் 16 வயதுக்கு மேற்பட்டோர்க்கு மட்டுமான பகுதியை கோரண்டான் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் வேறொரு வழியைக் கண்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு பயணம் செய்வோர் எந்த இருக்கைகளைத் தேர்ந்துள்ளனர் என்பதை முன்பதிவுப் படத்தில் காட்டியது. விலகிச் செல்ல விரும்புவோர் விலகிச் செல்லலாம்.

இவ்வமைதிப் பகுதிகளை ஆதரிப்போரின் வாதத்தைப் புறந்தள்ளிவிட இயலாது. தந்தையின் இறுதிச் சடங்குக்கு விரையும் மகன் அவ்வானூர்தியில் இருக்கலாம். இரவெல்லாம் பணிசெய்துவிட்டு ஏறியவர் இருக்கலாம். ஒற்றைத் தலைவலியால் துன்புறுவோர்க்கு ஒலியே ஊசியாகக் குத்தும். அவர்களுடைய தேவை உண்மையானது. அவர்களைக் கருணையற்றவர் என்று பழிப்பது முறையன்று.

ஆயினும் அவ்வேற்பாடு அவர்களுக்கும் உதவுவதில்லை. ஒரே குழாய் போன்ற கூட்டுக்குள் நான்காம் வரிசையில் உள்ளவருக்கு ஐந்தாம் வரிசையின் அழுகை கேட்காமலிருக்குமா? சுவர் இல்லாத இடத்தில் கோடு மட்டும் போட்டால் ஒலி அங்கே நின்றுவிடாது. அக்கோடு வேறொன்றைச் செய்கிறது. குழந்தையோடு வருபவரைத் தொல்லை தருபவர் என்று முன்கூட்டியே முத்திரை குத்துகிறது. குடிமயக்கத்தில் உரக்கப் பேசுபவருக்கு எந்த வரிசையும் தடைசெய்யப்படவில்லை. வானூர்திகளில் ஒழுங்கு மீறுவோரை மூன்று நிலைகளாகப் பிரித்து, மூன்று மாதம் முதல் இரண்டாண்டும் அதற்கு மேலும் பறக்கத் தடைவிதிக்கும் விதிகளை இந்திய அரசு 2017ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மக்களவை உறுப்பினர் ஒருவர் வானூர்தி நிறுவன ஊழியரைத் தாக்கியதே அவ்விதிகளைப் பற்றிய பேச்சை முடுக்கிவிட்டது. சொல்லால் துன்புறுத்துதல், உடலால் தாக்குதல், உயிருக்கு ஊறு விளைத்தல் என அதில் வகைப்படுத்தப்பட்டவை யாவும் பெரியவர்களின் குற்றங்கள்.

இராஞ்சியில் நிகழ்ந்தது

2022 மே 7 அன்று சார்க்கண்ட் மாநிலத்தின் இராஞ்சி வானூர்தி நிலையத்தில், ஐதராபாத்துக்குச் செல்ல வேண்டிய இண்டிகோ வானூர்தியில் சிறப்புத் தேவையுடைய சிறுவன் ஒருவன் ஏற அனுமதிக்கப்படவில்லை. பெற்றோர் உடன் இருந்தனர். நெடும் பயணத்தின் களைப்பும் நிலையத்தின் இரைச்சலும் அச்சிறுவனைக் கலக்கமுறச் செய்திருந்தன. அவன் பதற்றத்தோடு இருப்பதால் மற்றப் பயணிகளின் பாதுகாப்புக்கு இடர் நேரலாம் என்று ஊழியர்கள் கருதினர். அவன் அமைதியடைவதற்காகக் காத்திருந்ததாகவும் அது நிகழவில்லை என்றும் நிறுவனம் கூறியது.

எந்தப் பயணிகளின் பெயரால் அச்சிறுவன் தடுக்கப்பட்டானோ, அப்பயணிகளே அவனுக்காக வாதாடினர். அவர்களுள் மருத்துவர்களும் இருந்தனர். வழியில் ஏதேனும் நேர்ந்தால் தாங்கள் பார்த்துக்கொள்வதாக உறுதி கூறினர். ஊழியர் மனம் மாறவில்லை. வானூர்தி அக்குடும்பத்தை விட்டுவிட்டுப் புறப்பட்டது. மறுநாள்தான் அவர்களால் பயணம் செய்ய முடிந்தது.

உடனிருந்த பயணி ஒருவர் கண்டதை எழுதி வெளியிட, நாடு முழுவதும் அது பேசப்பட்டது. பொது வானூர்திப் போக்குவரத்து இயக்ககம் உசாவல் நடத்தி, அம்மாத இறுதியில் நிறுவனத்திற்கு 5 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. பரிவோடு நடந்திருந்தால் சிறுவனின் பதற்றமே தணிந்திருக்கும். பயணத்தை மறுக்கும் நிலை வந்தேயிராது என்பது அவ்வியக்ககம் கண்ட முடிவின் சாரம். சூலை மாதத்தில் விதியும் திருத்தப்பட்டது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பயணத்தை மறுக்கலாகாது. பறக்கும்போது பயணியின் உடல்நிலை சீர்கெடலாம் என்று நிறுவனம் ஐயுற்றால், வானூர்தி நிலைய மருத்துவர் நேரில் பார்த்துக் கருத்துரைக்க வேண்டும். அதன் பின்னும் மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

நிலையத்தில் பணியாற்றுவோரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குறித்த நேரத்தில் கதவு மூடப்பட வேண்டும் என்னும் நெருக்கடி அவர்கள்மேல் இருக்கிறது. ஏதேனும் நேர்ந்துவிட்டால் கேள்வி அவர்களை நோக்கியே வரும். அந்நெருக்கடிக்கு நடுவில் அஞ்சி நடுங்கும் ஒரு சிறுவனிடம் எவ்வாறு பேசுவது என்று எவரேனும் அவர்களுக்குக் கற்றுத் தந்திருக்க வேண்டும். பதறும் குழந்தையிடம் குரலை உயர்த்துவது எரியும் அடுப்பில் எண்ணெய் வார்ப்பதற்கு நிகர். வரிசையை விட்டு விலக்கி, ஒலி குறைந்த இடத்தில் உட்காரவைத்து, கூட்டமெல்லாம் ஏறியபின் கடைசியாக அழைத்துச் சென்றிருந்தால் என்னவாகியிருக்கும்? கம்பம் பேருந்து நிலையத்தின் நடத்துநர் ஒருவர் எழுதப்பட்ட விதி எதுவுமின்றி நாள்தோறும் செய்வது ஏறத்தாழ இதுதான். "பொறுங்கப்பா, அந்தம்மா புள்ளையோட ஏறட்டும்" என்று அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சொல்லும்போது பேருந்து அரை நிமிடம் தாமதமாகிறது. அதற்கு மேல் எந்த இழப்பும் நேர்வதில்லை.

கண்ணோட்டம்

பிறர்பால் இரங்கி நோக்கும் பண்பைக் குறிக்கத் தமிழில் 'கண்ணோட்டம்' என்றொரு சொல் உண்டு. திருக்குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உள்ளது. அவ்வதிகாரம் அமைந்த இடம் எண்ணத் தக்கது. இல்லறத்தைப் பேசும் பகுதியில் வள்ளுவர் அதை வைக்கவில்லை. பொருட்பாலின் அரசியல் பகுதியில் வைத்துள்ளார். தன் வீட்டுக் குழந்தையிடம் எவரும் இரங்குவர். முன்பின் அறியாதார் கூடும் பொதுவிடத்தில், தனக்கு எவ்வுறவும் இல்லாத குழந்தையை நோக்கிக் கண் எவ்வாறு ஓடுகிறது என்பதே பொதுவாழ்வுக்கு உரிய வினா.

இன்று அச்சொல் 'பார்வை', 'கருத்து' என்னும் பொருளில் மட்டுமே பெரிதும் வழங்குகிறது. வானூர்தியில் அழும் குழந்தையின் தாயை நோக்கித் திரும்பும் இருபது தலைகளும் அவளைப் பார்க்கத்தான் செய்கின்றன. அப்பார்வையால் அவள் கைகள் நடுங்கும். நடுங்கும் கை குழந்தைக்குத் தெரியும். அழுகை மேலும் கூடும். அருகில் இருப்பவர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. கீழே விழுந்த பால்புட்டியை எடுத்துக் கொடுக்கலாம். மேலே உள்ள பையை இறக்கித் தரலாம். "எங்க வீட்டுப் பிள்ளையும் இப்பிடித்தாம்மா" என்று ஒரு சொல் சொல்லலாம். ஒன்றும் தோன்றாவிட்டால் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பதும் அந்நேரத்தில் உதவியே. அறிமுகமில்லாதவர் குழந்தையைக் கேளாமல் தொட்டுத் தூக்கும் பேருந்து வழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. தாய் கொடுத்தால் வாங்கலாம். கொடாவிட்டால் அதைத் தவறாக எண்ணக் கூடாது.

இருக்கை ஒதுக்கீட்டால் வந்த இடர்ப்பாடு ஒன்று அண்மையில் நீங்கியிருக்கிறது. விருப்ப இருக்கைக்குத் தனிக்கட்டணம் என்னும் வழக்கம் பரவியபின், கட்டணம் செலுத்தாத குடும்பங்கள் வெவ்வேறு வரிசைகளில் சிதறிப்போயின. ஆறு வயது மகள் இருபதாம் வரிசையிலும் தாய் ஏழாம் வரிசையிலும் அமர நேரும். அப்போது அத்தாய் நடைவழியில் நின்று ஒவ்வொருவரிடமும் இடம் மாற்றிக் கேட்பாள். பின்னால் வருவோரின் முணுமுணுப்பு வளரும். அங்கே எவர் நடத்தை பிழையானது? இடத்தை விட்டுத்தர மறுத்தவர் அதற்கெனப் பணம் செலுத்தியவர்; கேட்டவளோ தாய். பிழை அவ்விருவரிடமும் இல்லை. 2024 ஏப்ரலில் பொது வானூர்திப் போக்குவரத்து இயக்ககம் இதற்கொரு முடிவு கண்டது. 12 வயதுவரை உள்ள குழந்தைக்கு, ஒரே முன்பதிவு எண்ணில் பயணம் செய்யும் பெற்றோரிலோ காப்பாளரிலோ ஒருவரேனும் அருகில் அமரும்படி இருக்கை ஒதுக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. அவ்வொதுக்கீட்டைப் பதிவேட்டில் குறித்துவைக்கவும் கூறியது.

கம்பத்திலிருந்தோ தேவாரத்திலிருந்தோ முதன்முறையாகப் பறக்கப்போகும் குடும்பம் இவ்வாணையை அறிந்திருப்பது நல்லது. பயணச்சீட்டுகளைத் தனித்தனியாக எடுக்காமல் ஒரே முன்பதிவில் எடுக்க வேண்டும். நிலையத்தில் இருக்கை எண்ணைச் சரிபார்த்து, பிரிந்திருந்தால் வானூர்தியில் ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டும். பிள்ளையின் கைப்பையில் ஒரு மாற்றுடை, குடிநீர், படம் வரையத் தாள், இறங்கும்போது சப்புவதற்கு நான்கு மிட்டாய்கள். முதல்நாள் மாலையே, காது அடைக்கும் என்றும் அது குமுளி மலையில் அடைப்பதைப் போன்றதுதான் என்றும் சொல்லிவைத்தால், வானூர்தி தாழ இறங்கும்போது அப்பிள்ளை தானாகவே கையை நீட்டி மிட்டாய் கேட்கும்.